மணிக்கட்டுத் தமனி அடைப்பு: கைக்கு இரத்த ஓட்டம் தடைப்படும்போது

மருத்துவர் நாடி பார்க்கும் இடத்தில், பெருவிரல் பக்கமாக ஒரு தமனி ஓடுகிறது. சுண்டுவிரல் பக்கத்தில் மற்றொன்று உண்டு. இவ்விரண்டும் உள்ளங்கையில் வளைவாக இணைந்து விரல்களுக்கு இரத்தம் அளிக்கின்றன. ஆகவே ஒன்று அடைபட்டாலும் பெரும்பாலானோருக்கு மற்றொன்று கையைக் காத்துவிடும். மணிக்கட்டு வழியாக இதய ஆஞ்சியோ செய்துகொண்ட சிலருக்கு அவ்விடத்தில் நாடி மறைந்தும் தொல்லை ஏதும் தோன்றாதிருப்பது இதனால்தான். எனினும் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சிலருக்கு இவ்விணைப்பு முழுமையாக அமைவதில்லை. சிலருக்கு இதயத்திலிருந்து வரும் இரத்தக் கட்டி இரு வழிகளையும் அடைத்துவிடுகிறது. அப்போது கை வெளிறிக் குளிரும். கடும் வலி எழும். விரல்கள் மரத்து அசையாமற் போகும். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் இரத்த ஓட்டம் மீளாவிடில் தசையும் நரம்பும் நிரந்தரமாகக் கெடக்கூடும். மரத்துப்போனதால் வலி அடங்குவதை நலமென்று கருதாதீர்கள். அது நிலை மோசமாவதன் அறிகுறி.

சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவுவதில் பொன்னான நேரம் கழிகிறது. வெந்நீர் ஒத்தடமும் கூடாது. மரத்த தோல் சூட்டை உணராது, வெந்துபோகும். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, கையை உயர்த்தாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். காரியாபட்டியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரத்தநாள அறுவைப் பிரிவு உள்ளது.

அங்கு டாப்ளர் ஸ்கேன் மூலம் அடைப்பின் இடம் அறியப்படும். கட்டி மேலும் வளராதிருக்க ஹெப்பாரின் ஊசி செலுத்தப்படும். பெரும்பாலும் சிறு கீறல் வழியே பலூன் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்துவிடுவர். தேவைப்படின் கட்டியைக் கரைக்கும் மருந்தோ, காலின் சிரையைக் கொண்டு அமைக்கும் மாற்றுப் பாதையோ பயன்படும். கட்டி எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளும் செய்யப்படும். இதயத்துடிப்பு சீரற்றவர்களுக்கு இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை நெடுநாள் தேவைப்படலாம். அதனைத் தாமாக நிறுத்தக் கூடாது.

அடைப்பு மெல்லவும் உருவாகலாம். உள்ளங்கையின் அடிப்பகுதியையே சுத்தியலாகக் கொண்டு நாள்தோறும் தட்டி வேலை செய்வோருக்குச் சுண்டுவிரல் பக்கத் தமனி சேதமுறும். பீடி, சிகரெட் புகைப்போருக்கு விரல் நுனியில் ஆறாத புண் தோன்றலாம். இவர்கள் புகையை முற்றிலும் விடாமல் மருந்து மட்டும் உட்கொள்வதால் பயன் மிகக் குறைவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் உடன் கொண்டு வாருங்கள். அதைத் தேடுவதற்காகப் புறப்படத் தாமதிக்க வேண்டாம். பின்னர் உறவினர் கொண்டு வரலாம்.