வெள்ளம் வந்தாலும் டி.சி. தப்புமா? பள்ளி சாஃப்ட்வேரும் 'கன்டெய்னர்' கணக்கும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை சுமார் 95 செ.மீ.

அங்கிருந்து தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டிப் போனால் மணப்பாடு. அந்தக் கடலோரத்தில் ஒரு பள்ளி. மாணவர் சேர்க்கை, வருகை, கட்டணம், மதிப்பெண் எல்லாமே அலுவலக அறையில் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தண்ணீரில் மூழ்கிவிட்டால்? வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம். ஆனால், பிள்ளைகளுக்கு டி.சி.யை எதைப் பார்த்து எழுதுவது?

சாஃப்ட்வேரை மறுபடி போட்டால் போதாதா?

சொல்வது சுலபம். 'ஃபெடினா'வை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் உருவாகி, ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த பள்ளி நிர்வாக சாஃப்ட்வேர் இது. கேரளப் பள்ளிகளின் 'சம்பூர்ணா' திட்டம் இதை அடிப்படையாகக் கொண்டதுதான். இலவசமாகக் கிடைத்த அதன் பதிப்புக்குத் தேவை ரூபி 1.8.7, ரெயில்ஸ் 2.3.5. அந்த ரூபி பதிப்புக்கான ஆதரவு 2013-லேயே முடிந்துவிட்டது. இன்று வாங்கும் கம்ப்யூட்டரில் எளிதாகப் போடக் கிடைப்பது புது ரூபிதான். அதில் ஃபெடினா ஓடாது. பழையதைத் தேடிப்பிடித்துப் போடுவதற்குள் நாள்கணக்கில் ஓடிவிடும்.

கன்டெய்னர் என்ன செய்யும்?

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் போகும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே துணியா, முந்திரியா என்று கிரேனுக்குக் கவலையில்லை. பெட்டிகளின் அளவுகள் தரப்படுத்தப்பட்டவை. 1956-ல் அமெரிக்காவின் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியது, சரக்குப் போக்குவரத்தையே மாற்றியது.

2013-ல் அறிமுகமான 'டாக்கர்' இதையே சாஃப்ட்வேருக்குச் செய்தது. செயலி, அதற்கு வேண்டிய ரூபி, துணை நூலகங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள். எந்த லினக்ஸ் சர்வரில் இறக்கினாலும் உள்ளே அதே சூழல். பள்ளிக்கு இரண்டு பெட்டி போதும்: ஒன்றில் செயலி, இன்னொன்றில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். இரண்டையும் எப்படி இணைப்பது என்று 'கம்போஸ்' ஃபைலில் எழுதிவைத்தால், ஒரே கட்டளையில் இரண்டும் ஓட ஆரம்பிக்கும்.

அப்போ டேட்டா பத்திரமா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கன்டெய்னரை அழித்தால், அதற்குள் எழுதிய விவரங்களும் சேர்ந்தே போய்விடும். அதனால் டேட்டாபேஸை கன்டெய்னருக்கு வெளியே 'வால்யூம்' என்ற இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் வால்யூம் இருப்பதும் அதே கம்ப்யூட்டரில்தானே? வெள்ளத்தில் அதுவும் போகும்.

எனவே, தினமும் இரவில் டேட்டாபேஸை நகலெடுத்து, பூட்டி, வேறு ஊரில் உள்ள சர்வருக்கு அனுப்ப வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையாவது அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு மாணவரின் டி.சி.யை எடுத்துப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப், இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொரு எச்சரிக்கை

பழைய சாஃப்ட்வேரை பெட்டிக்குள் வைத்ததால் அது புதிதாகிவிடாது. ரூபி 1.8.7-ல் உள்ள பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியேதான் இருக்கும். அதை இணையத்தில் திறந்துவைக்காமல், பள்ளியின் உள் நெட்வொர்க்கில் மட்டும் ஓட்டுவது நல்லது. அதுவும் புதிய சாஃப்ட்வேருக்கு மாறும்வரைதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைக் கையாள, 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரின் சம்மதத்தையும் வலியுறுத்துகிறது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு சாஃப்ட்வேர் போட்டுத்தர யாராவது வந்தால், 'கன்டெய்னரா?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "பேக்கப்பில் இருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீங்க?" என்றும் கேளுங்கள். தேதி சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.