75 நிமிடமா, 105 நிமிடமா? ‘ஸ்டார் வார்ஸ்’ இசை ஆல்பத்தில் எதைக் கேட்பது?

ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், ஒரே ஆர்கெஸ்ட்ரா. ஆனால் ஆல்பம் மட்டும் இரண்டு. ஒன்று சுமார் 75 நிமிடம் ஓடுகிறது. இன்னொன்று சுமார் 105 நிமிடம். முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இசையைத் தேடிப் போகிறவர்கள் குழம்பும் இடம் இதுதான். நீளமான ஆல்பத்தில் எல்லாமே இருக்கும்போது, சின்னதை எதற்குக் கேட்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அவ்வளவு நேரடியானது இல்லை.

1977-ல் என்ன வந்தது?

ஜான் வில்லியம்ஸ் தானே நடத்த, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்த இந்த இசை, 1977 மார்ச்சில் இங்கிலாந்தின் டென்ஹாமில் உள்ள ஆன்வில் ஸ்டூடியோவில் பதிவானது. மே 25-ல் படம் வெளியானது. ஆல்பம் இரட்டை எல்பி இசைத்தட்டாக வந்தது. பாட்டே இல்லாத, முழுக்க முழுக்க ஆர்கெஸ்ட்ரா இசை கொண்ட அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-வது இடம் வரை ஏறியது. ஆஸ்கர், கிராமி விருதுகளும் வந்து சேர்ந்தன.

இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். இந்த அளவுக்குள் எதை வைப்பது, எதை விடுவது, எது முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வில்லியம்ஸ் அதைப் படத்தின் வரிசையில் அடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு எந்த வரிசை சுகமாக இருக்குமோ அந்த வரிசையில் அடுக்கினார்.

விளைவு வேடிக்கையானது. படத்தின் பிற்பகுதியில் நடக்கும் பென் கெனோபியின் மரணம், ஆல்பத்தில் 5-வது டிராக்கிலேயே வந்துவிடுகிறது. படம் பார்க்காதவருக்கு டிராக் லிஸ்ட்டே ஸ்பாய்லர்! அதேநேரம், படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் இரட்டைச் சூரியன் மறையும் காட்சியின் இசை 14-வது டிராக்காக, கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது.

1997-ல் என்ன மாறியது?

விரிவான பதிப்புக்கான முயற்சி 1993-லேயே தொடங்கிவிட்டது. மூன்று படங்களின் இசையையும் சேர்த்து 4 சிடி கொண்ட பெட்டியாக அப்போது வெளியிட்டார்கள். பிறகு 1997-ல் படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் தியேட்டருக்கு வந்தபோது, ஆர்சிஏ விக்டர் நிறுவனம் முதல் படத்துக்கு மட்டும் தனியாக 2 சிடி பதிப்பை வெளியிட்டது. தயாரித்தவர் நிக் ரெட்மேன்.

இதில் இசை படத்தின் வரிசைக்குத் திரும்பியது. ஆல்ஃபிரட் நியூமன் அமைத்த 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் முழக்கமே முதல் டிராக். மதுக்கூடக் காட்சியில் ஒலிக்கும் இரண்டாவது இசைத்துண்டும் சேர்ந்தது. 1977 ஆல்பத்தில் ஒன்றுதான் இருந்தது. ‘மெயின் டைட்டில்’ ரெக்கார்டிங்கின் வெவ்வேறு டேக்குகள்கூட முதல் சிடியின் கடைசியில், ஒரு மௌன இடைவெளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன.

கூடுதல் 30 நிமிடத்தில் என்ன கிடைக்கிறது?

மிக முக்கியமான லாபம் ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அது பெரிய லாபம். லூக் இரட்டைச் சூரியனைப் பார்த்து நிற்கும் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் எழுதியது வேறு இசை. ஜார்ஜ் லூகாஸ் மாற்றச் சொன்ன பிறகுதான், இன்று ‘ஃபோர்ஸ் தீம்’ என்று உலகமே அறிந்த மெட்டு அங்கே வந்தது. தனியாக ஒரு பிரெஞ்சு ஹார்ன் தொடங்கி, வயலின்கள் அலையாக எழும் அந்த இடம்தான். கைவிடப்பட்ட முதல் வடிவம் 1997 சிடியில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு காட்சியின் அர்த்தத்தையே இசை எப்படி மாற்றுகிறது என்பது பட்டென்று புரியும்.

அப்படியானால் இழப்பு எங்கே?

‘மெயின் டைட்டில்’ டிராக்கை எடுத்துக்கொள்வோம். 1997 பதிப்பில் அது 2 நிமிடம் 14 விநாடி. படத்தில் உள்ளபடியே, எழுத்துகள் மேலேறிப் போனதும் விண்கலத் துரத்தலுக்குள் நுழைந்து நின்றுவிடும். 1977-ல் அதே டிராக் 5 நிமிடத்துக்கு மேல். படத்தின் இறுதி டைட்டிலுக்கான இசையை எடுத்து ஒட்டி, தொடக்கமும் முடிவும் உள்ள முழு உருப்படியாக்கியிருந்தார் வில்லியம்ஸ். கச்சேரியில் கேட்டது போன்ற நிறைவு அதில்தான்.

சூரிய அஸ்தமன இசையை 14-வது இடத்தில் வைத்ததற்கும் பலன் இருந்தது. ஏக்கமான அந்த மெட்டோடு மூன்றாவது பக்கம் முடியும். நான்காவது பக்கத்தை வைத்தால் நேராக 12 நிமிடக் கடைசிப் போர், பிறகு வெற்றி விழா. கதைப்படி இது தப்பான வரிசை. ஆனால் கேட்கிற மனசுக்கு, ‘நாமும் போக மாட்டோமா’ என்று ஏங்கியவன் போருக்குக் கிளம்புவதாகவே தோன்றும்.

பின்னணி இசையின் இயல்பு அப்படி. வசனத்துக்கு அடியில் அடங்கிப் போகவும், கேமரா திரும்பும்போது சட்டென்று திரும்பவும் எழுதப்படுவது அது. திரையில் உயிராக இருக்கும் ஒரு துண்டு, படம் இல்லாமல் கேட்டால் பாதியில் அறுந்தது போல இருக்கலாம். ‘எல்லாம் இருக்கிறது’ என்பதும் ‘நன்றாக இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல.

வட்டம் திரும்பியது

இந்தக் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது 1977 ஆல்பத்தைத்தான். 2018-ல் டிஸ்னி இந்த இசையைப் புதிதாக மெருகேற்றி வெளியிட்டபோதும், 1977 வரிசையையே எடுத்துக்கொண்டது. நீளமான பதிப்பு வந்து 20 வருஷம் கழித்தும் சின்ன ஆல்பம் பழசாகிவிடவில்லை.

உங்கள் போனில் இருப்பது எது?

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ‘மெயின் டைட்டில்’ எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1977 வரிசை. 2 நிமிடச் சொச்சம் என்றால் விரிவான பதிப்பு.

முதல் தடவை கேட்பவர்கள் 75 நிமிட ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிராக்கைத் தாண்டாமல், வில்லியம்ஸ் அடுக்கிய வரிசையிலேயே கேளுங்கள். படத்தை இரண்டு மூன்று தடவை பார்த்து, ‘அந்த இடத்தில் வரும் பிஜிஎம் எங்கே?’ என்று தேடத் தொடங்கியதும் 105 நிமிடத்துக்குப் போகலாம். விரிவான பதிப்பு, படத்துக்காக என்னவெல்லாம் எழுதப்பட்டது என்று காட்டும். அதிலிருந்து எதைக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று வில்லியம்ஸ் நினைத்தாரோ, அது அந்தப் பழைய நான்கு பக்கங்களில் இருக்கிறது.