செடிப் பையில் ஏறி வரும் கோரை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது 1998-இல். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் மரம் செடி வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். அதனால் இந்த வட்டார நர்சரிகளிலிருந்து புங்கனும் வேம்பும் அரளியும் இட்லிப்பூவும் வண்டி வண்டியாக ஆலைகளுக்குப் போகின்றன. ரசீதில் எழுதாத ஒரு சரக்கும் கூடவே போகிறது. அதுதான் கோரை என்னும் களை.

வயலில் முளைக்கும் களை வயலோடு நிற்கும். நர்சரிக் களையோ விலைக்குப் போய், ஊர் ஊராகப் பரவும். அதனால்தான் நர்சரிக்காரருக்குக் களையெடுப்பு வெறும் அழகு வேலை அல்ல.

பையில் முளைக்கும் களைகளில் பல சாதுக்கள்தாம். அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, குப்பைமேனி எல்லாம் ஈரமண்ணில் இழுத்தால் வேரோடு வந்துவிடும். பூக்கும் முன் பிடுங்குவது ஒன்றே விதி. புளியாரையில் அந்த விதி தவறினால், முற்றிய காய் தொட்டதும் வெடித்து விதையைப் பக்கத்துப் பைகளிலெல்லாம் தெறிக்கவிடும். பார்த்தீனியம் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் அரிப்பும் தடிப்பும் வரும் என்பதால் அதைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

கோரை வேறு சாதி. பூத்தாலும் விதையை அது பெரிதாக நம்புவதில்லை. அதன் முதலெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு செடியைப் பக்குவமாகத் தோண்டினால், மெல்லிய வேர்த்தண்டில் கறுப்புக் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருப்பது தெரியும். நலங்கு மாவில் வாசனைக்குச் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதுதான். சங்கிலி அறாமல் இருக்கும்வரை நுனிக்கிழங்கு முளைக்கும். மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டியால் கொத்தி அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைவிடும். இலையை மட்டும் கிள்ளினாலும் சில நாளில் புதுக் குருத்து நிற்கும். கூரிய அந்தக் குருத்து மெல்லிய பாலிதீன் விரிப்பையே துளைத்து வெளியே வரும். உலகின் மிக மோசமான களை என்று களையியலார் இதற்குப் பட்டம் கட்டியதில் வியப்பில்லை.

ஆகவே சண்டையை மண் கலக்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். செம்மண்ணைச் சலித்தால் கிழங்குகள் சல்லடையில் தங்கும். சலித்ததை நனைத்து, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, நிறமற்ற பாலிதீனால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, கத்திரி வெயிலில் 4 முதல் 6 வாரம் விட்டால் பெரும்பாலான களை விதைகள் வெந்து போகும். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளின் அடியில் சூடு கூடுதல். தொழுவுரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். அரைகுறை உரம் என்றால் மாடு தின்ற விதையெல்லாம் பைக்குள் வரும். பை அடுக்கும் தரையில் நெருக்கமாக நெய்த களைவிரிப்பு போட்டால் கீழிருந்து ஏறும் கோரையும் பெருமளவு அடங்கும்.

இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர்கள் களைக்கொல்லி டேங்கைத் தூக்குகிறார்கள். கிளைபோசேட் இலை வழியே இறங்கிக் கிழங்குவரை போகும் என்பது உண்மை. ஆனால் பசுமை மாறாத இளந்தண்டில் சாரல் பட்டால் கன்றுக்கும் அதே கதிதான். இந்தியாவில் அதற்குப் பதிவு தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடங்களுக்கும்தான். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலம் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவும் போட்டது. இன்னொரு விஷயம்: அது மண் துகளோடு ஒட்டிச் செயலிழக்கும். கலங்கிய ஏரித் தண்ணீரில் கலக்கி அடித்தால் காசுதான் கரையும்.

பாராகுவாட் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. அது பட்ட பச்சையை மட்டும் கருக்கும். கோரைக் கிழங்கு அப்படியே இருக்கும். மனிதர் வயிற்றுக்குள் போனால் முறிமருந்து கிடையாது. 2,4-டி களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரில் சரியாகக் கழுவாமல் பூச்சிமருந்து ஊற்றி அடித்தால் ரோஜாவும் செம்பருத்தியும் இலை சுருண்டு கோணும். களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைக்காத நர்சரி களைக்கொல்லியே வாங்கக் கூடாது. மிச்ச மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிரோடு விளையாடுவது.

செடி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பையில் புல் போல ஏதாவது நின்றால் அதன் பூத்தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று முனை தட்டுப்பட்டால் கோரை. வேறு பை கேளுங்கள்.