நுளம்பும் நஞ்சும் பரம்பரையலகும்

கொட்டாஞ்சேனை வடிகால்களிலும் வெள்ளவத்தைக் கால்வாயோரங்களிலும் தேங்கும் அழுக்கு நீரிற் பெருகும் கியூலெக்சு நுளம்பே யானைக்கால் நோய்ப் புழுவின் காவியாகும். அதனை ஒழிக்கப் பயன்பட்ட பெந்தியன் முதலிய சேதனப் பொசுபரசு நஞ்சுகளுக்கு அது காலப்போக்கில் எதிர்ப்பாற்றல் பெற்றது. அதன் பொறிமுறையைப் புலப்படுத்தியது, கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் களனி கங்கையின் மறுகரையிலுள்ள பேலியகொடையிற் சேகரிக்கப்பட்ட நுளம்பினமாகும்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கருணாரத்னவும் பிரித்தானிய அறிஞர் ஜெனற் ஹெமிங்வேயும் அதனை ஆராய்ந்தனர். எசுத்தரேசு நொதியத்தை ஆக்கும் இரு பரம்பரையலகுகள் அந்நுளம்புகளிற் பல படிகளாகப் பெருகியிருந்தன. ஆகவே அவற்றின் வெளிப்பாடும் நொதியமும் மிகுந்தன. அந்நொதியம் நஞ்சை விரைந்து பற்றி, மிக மெதுவாகவே விடுவிக்கும். அதனால் நஞ்சு நரம்புத் தொகுதியைத் தாக்குவது தடுக்கப்படுகிறது. நஞ்சு இடப்படுந்தோறும் இவ்வியல்புடையனவே பிழைத்து இனம்பெருக்கின.

2000 ஆம் ஆண்டில் இவர்களும் சக ஆய்வாளரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது: நொதியம் மிகுந்த நுளம்புகளில் யானைக்கால் நோய்ப் புழுவின் வளர்ச்சி தடைப்பட்டது. எனினும் எதிர்ப்பாற்றலை நன்மையெனக் கொள்ளலாகாது. நுளம்பின் தொகை பெருகின் அத்தடை போதாது. இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையென்ற நிலையினின்று நீங்கியமையை 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆயின் காவி நீங்கவில்லை. வடிகாலைச் சீராக்காது நஞ்சை மட்டும் நம்புவது, எதிர்ப்பாற்றலுடைய இனத்தை நாமே தெரிந்தெடுத்து வளர்ப்பதாகும்.