கையெழுத்திட மறுத்த மேயர்

அமெரிக்காவின் குரோவர் கிளீவ்லாந்து 1837இல் ஒரு கிறிஸ்துவப் போதகரின் மகனாகப் பிறந்தார். பிள்ளைகள் ஒன்பது பேர். இவருக்குப் பதினாறு வயதானபோது தந்தை காலமானார். கல்லூரிக்குச் செல்ல வழியில்லை. பஃபலோ நகரில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே சட்டம் பயின்று, 1859இல் வழக்கறிஞரானார்.

1882இல் அந்நகரின் மேயரானார். அவ்வாண்டு தெருக்களைத் துப்புரவு செய்ய ஐந்தாண்டுக் குத்தகை விட்டார்கள். குறைந்த தொகை கேட்டவர் இருக்க, அவரைவிட ஏறத்தாழ 100,000 டாலர் கூடுதலாகக் கேட்டவருக்கே நகர மன்றம் குத்தகையைக் கொடுத்தது. கூடுதல் பணம் யாருடையது? வரி கட்டும் மக்களுடையது!

மேயர் கையெழுத்திட மறுத்தார். இது மக்களுக்குச் செய்யும் துரோகம் என்று எழுதியே கண்டித்தார். ஊரார் அவர் பக்கம் நின்றனர். மன்றம் பணிந்தது, குறைந்த தொகை கேட்டவருக்கே குத்தகை கிடைத்தது.

அந்த நற்பெயரால் அவர் 1883இல் நியூயார்க் மாநில ஆளுநரானார். 1885இல் நாட்டின் அதிபரானார். ஆனால், 1894இல் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படை அனுப்பியவரும் அவரே.

ஆகவே நேயர்களே, ஆளைப் பார்த்து மயங்க வேண்டாம், செயலைப் பார்ப்போம். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது குற்றமல்ல, கடமை.