விடுதியில் காய்ச்சல் பரவினால் பிள்ளையை உடனே வீட்டுக்கு அழைக்கலாமா?



மணவூர், திருவாலங்காடு பக்கத்தில் நம்ம குழு வீடுகள் பலவற்றில் இப்போது காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிறார்கள். சிலர் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஆரம்பித்தால் விடுதியிலிருந்து போன் வரும். "அம்மா, ரூம்ல எல்லாருக்கும் காய்ச்சல்." பெற்ற மனசு உடனே சொல்லும், "கிளம்பி வந்துடுடா கண்ணு." இந்தப் பதில் எப்போது சரி, எப்போது ஆபத்து என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கொரோனா காலம். மாணவர்களில் பெரும்பாலானவர்கள் அவரவர் ஊரில் இருந்தார்கள். விடுதியில் கொஞ்சம் பேர்தான். அப்படியும் சில நாட்களுக்குள் 100 பேருக்கு மேல் நோய் வந்துவிட்டது. என்ன காரணம் என்று பார்த்தபோது, எல்லாரும் சாப்பிட ஒரே ஒரு மெஸ்தான் திறந்திருந்தது தெரியவந்தது. சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றித்தானே ஆகணும்? மெஸ்ஸில் வேலை செய்தவர்களுக்கும் தொற்று வந்தது. பிறகு எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். மாணவர்களை அறையிலேயே இருக்கச் சொல்லி, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். தொற்று வந்தவர்களை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்து சிகிச்சை கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் மறுபடியும் பரவியது. நல்ல வசதி உள்ள, படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே இப்படி என்றால், ஒரு அறைக்கு நாலஞ்சு பேர் படுக்கிற சாதாரண விடுதியை யோசித்துப் பாருங்கள்.

கொரோனா வேறு, ஃப்ளூ காய்ச்சல் வேறு. கிருமி வேறு என்றாலும் பரவுகிற வழி ஏறக்குறைய ஒன்றுதான். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளி பக்கத்தில் இருப்பவரின் மூக்கு, வாய்க்குள் போகிறது. சளி பட்ட கையால் குழாயை, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால், அடுத்து தொடுகிறவர் கைக்கும் போகும். ஃப்ளூ கிருமி உள்ளே போன 1 முதல் 4 நாளில் காய்ச்சல் காட்டும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் மற்றவருக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். காய்ச்சல் வந்த பிறகும் 5 முதல் 7 நாள் வரை பரப்பலாம்.

"பன்றிக் காய்ச்சல்" என்று 2009-ல் நாடே பயந்ததும் ஒரு வகை ஃப்ளூதான். அந்த ஆண்டு மே மாதம் ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். ஆகஸ்டில் புனேயில் 14 வயதுப் பள்ளி மாணவி இறந்தார். அதுதான் நாட்டின் முதல் மரணம். பன்றிக் கறி சாப்பிட்டதால் வரவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவியது. அந்தக் கிருமி இப்போதும் மற்ற ஃப்ளூ கிருமிகளோடு சேர்ந்து வருஷா வருஷம் வந்து போகிறது.

இப்போது போன் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்றால் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறச் சொல்லாதீர்கள். கூட்ட நேரத்து அரக்கோணம் ரயிலில் ஒருத்தர் இருமினால் எத்தனை பேர் மேல் படும் என்று நமக்கே தெரியும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கணும். கர்ப்பிணி மருமகள், 5 வயதுக்குள் குழந்தை, 65 வயது தாண்டிய மாமியார், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் இவர்களுக்குத்தான் ஃப்ளூ கடுமையாகப் பிடிக்கும். பிள்ளைக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும் காய்ச்சல், பாட்டிக்கு நிமோனியாவாக மாறலாம். அதனால் வார்டனிடம் பேசி தனி அறை கேளுங்கள். அது நம் உரிமை, தயங்க வேண்டாம். தனி அறை இல்லவே இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை என்றால், முகக்கவசம் போட்டு, முடிந்தால் தனி வண்டியில் அழைத்து வந்து, காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுக்க வையுங்கள். ஒரே அறை வீடு என்றால் திண்ணையோ தாழ்வாரமோ போதும். காய்ச்சல் இல்லாத பிள்ளை வந்தாலும் நாலு நாள் பாட்டியிடமிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் காய்ச்சலை மறைப்பார்கள். அட்டெண்டன்ஸ் போயிடும் என்ற பயம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காருவார்கள். "படிப்பு முக்கியம், போயிட்டு வா" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். டாக்டர் சீட்டு வாங்கிக் கல்லூரியில் கொடுக்கச் சொல்வது நல்லது.

லேசான காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலிக்கு ஓய்வு, கஞ்சி, நிறைய தண்ணீர், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். எல்லோருக்கும் பரிசோதனை தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. "ஒரு ஊசி போட்டா நின்னுடும்" என்று கேட்டு வாங்கி ஊசி போடுவதால் பயன் இல்லை. மெடிக்கலில் வாங்குகிற ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸ் கிருமியைக் கொல்லாது. ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர் என்ற தனி மருந்து இருக்கிறது. அதை டாக்டர்தான் கொடுக்கணும். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். அதனால் மேலே சொன்ன கர்ப்பிணி, குழந்தை, வயதானவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், பேச்சு குழறுதல், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல், விட்ட காய்ச்சல் திரும்பவும் கடுமையாக வருதல் இதில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளை விடுதியில் இருந்தால் இந்த அடையாளங்களை அவர்களுக்கும், கூட இருக்கிற தோழிக்கும் சொல்லி வையுங்கள். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது.

இன்னொரு விஷயம். பிள்ளை விடுதியில் படுத்துக் கிடக்கும்போது அம்மா போய்ப் பார்க்க முடியாமல் தவிப்பது பெரும்பாலும் பஸ் செலவும் கூலி நஷ்டமும் காரணமாகத்தான். குழுச் சேமிப்பிலிருந்து அவசர உள்கடன் கொடுக்க அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வைக்கலாம். எவ்வளவு வரை, யார் இருவர் கையெழுத்து, எத்தனை தவணையில் திருப்புவது என்று மழைக்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். விடுதி வார்டன் போன் நம்பரையும் அதே பக்கத்தில் எழுதி வைத்தால், ராத்திரியில் தேட வேண்டியிருக்காது.