நடவு வயலும் வலி மாத்திரையும்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும் ஆண்டுகளில், தஞ்சை, திருவாரூர் வயல்களில் வெயில் தணியும் முன்பே குறுவை நடவு தொடங்கிவிடுகிறது. சேற்றில் நின்று, குனிந்த இடுப்போடு நாற்று நடும் பெண்களுக்கு வலி நடவோடு முடிவதில்லை. மருந்துக்கடையில் "உடம்புவலி மாத்திரை" கேட்டால் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ எளிதாகக் கிடைத்துவிடுகிறது.

உடலில் காயமோ வீக்கமோ ஏற்படும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வலியைக் கூட்டுகிறது. ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுப்பதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார்; 1982 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே பொருள்தான். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை விரித்து வைப்பதும் அதுவே. வயல்வெளியில் கழிப்பறை இல்லை என்பதால் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். வியர்த்து வற்றிய அந்த உடம்புக்குள் வெறும் வயிற்றில் போகும் மாத்திரை, சிறுநீரகத்துக்குக் கடைசியாக இருந்த பாதுகாப்பையும் பறிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்டனோ சாப்பிடுபவர்களுக்கும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. மருந்து ரத்தத்தின் வழியாகவே இரைப்பையைப் பாதிக்கிறது.

மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனித உடல் அத்தனை எளிதில் வீழ்வதில்லைதான். ஆனால் தினமும் விழுங்கும் பழக்கம் பல ஆண்டு நீள்கிறதே!

முழங்கால், கைவிரல் மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் களிம்பை முதலில் தடவிப் பார்க்கலாம். ரத்தத்தில் கலப்பது மிகச் சிறிதளவே. பாராசிட்டமால் வீக்கத்தைக் குறைக்காது, நாள்பட்ட மூட்டுவலிக்கு அதன் பலனும் குறைவு. ஆனாலும் அளவோடு எடுத்தால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பானது. கல்லீரல் நலமாக உள்ள பெரியவர்களுக்கும் ஒரு நாளைக்கு 4 கிராமே உச்சவரம்பு. மது அருந்துபவர்களுக்கு அதிலும் குறைவு. கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதால் அட்டையைப் படித்துவிட வேண்டும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. இடுப்பைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை அங்கு வரும் சிகிச்சையாளர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். வலி மாத்திரை தொடர்ந்து எடுப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனைக்குக் கேட்க வேண்டும். மலம் கருத்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.